தாடை மூட்டும் கைச்சிகிச்சையும்

கொட்டாவி விடும்பொழுது காதருகே 'டக்' என்றோர் ஒலி. காலையில் வாயைத் திறக்கவொட்டாத பிடிப்பு. மெல்லும்பொழுது பொட்டு வரை பரவும் வலி. இத்தொல்லைகளை உடையோர் பலர் முதலில் காது வைத்தியரையே நாடுகின்றனர். காதில் குற்றம் ஏதும் காணப்படுவதில்லை. குற்றம் காதுக்குச் சற்று முன்னே, கீழ்த்தாடை கபாலத்துடன் பொருந்தும் மூட்டில் இருக்கிறது.

இம்மூட்டு சற்று விசித்திரமானது. இருபுற மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகளில் அமைந்திருப்பதால், ஒன்று அசைய மற்றொன்று வாளாவிருக்க இயலாது. வாய் திறக்கத் தொடங்குகையில் தாடையின் குமிழ் குழியினுள் சுழல்கிறது. மேலும் திறக்கையில் முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. இடையிலுள்ள மெத்தை போன்ற நார்த்தகடும் உடன் செல்கிறது. முன்னே நழுவிவிட்ட தகட்டின்மேல் குமிழ் மீண்டும் ஏறும் கணத்தில் எழுவதே பெரும்பாலும் அந்த ஒலி. வலியில்லாத வெறும் ஒலிக்குச் சிகிச்சை பொதுவாகத் தேவையில்லை.

தாடையைக் கையால் சீர்செய்தல் மிகப் பழைய வித்தை. ஏறக்குறைய கி.மு. 1600-ல் எழுதப்பெற்ற எகிப்தின் எட்வின் ஸ்மித் சுவடியிலேயே, நழுவிய தாடையைக் கட்டைவிரல்களை வாயினுள் இட்டுப் பழைய இடத்தில் சேர்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆஸ்டியோபதி அவ்வளவு பழையதன்று. அமெரிக்க வைத்தியர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் அதனை 1874-ல் அறிவித்து, 1892-ல் மிஸௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் கல்லூரியும் நிறுவினார். நோய்களின் மூலம் எலும்புகளின் இடப்பிறழ்ச்சியே என்ற அவரது கொள்கையை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. கபால எலும்புகளின் நுண்ணசைவை விரலால் உணரலாம் என்று பின்வந்தோர் கூறியதற்கும் தக்க சான்று இல்லை. கைமுறைகள் மட்டும் நிலைத்தன.

சிகிச்சையாளர் முதலில் மேல், கீழ் முன்பற்களிடையே எவ்வளவு திறக்கிறது என்று அளக்கிறார். வயது வந்தோருக்கு இது சுமார் 40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். கழுத்தையும் சோதிக்கிறார். பின்னர் உறையணிந்த விரலைக் கன்னத்தின் உட்புறம் செலுத்தி, மெல்லும் தசையில் இறுகிய இடங்களை மெல்ல அழுத்தித் தளர்த்துகிறார். கடைவாய்ப் பற்களின்மேல் கட்டைவிரலை வைத்துத் தாடையைக் கீழ்நோக்கி இதமாக இழுக்கிறார். மற்றொரு முறையில் நோயாளி வாயை மூட முயல்கிறார். சிகிச்சையாளரின் கை சில வினாடிகள் அதை எதிர்த்து நிற்கிறது. முயற்சி ஓய்ந்ததும் தசை தளர்ந்து, வாய் முன்னிலும் சிறிது அதிகமாகத் திறக்கிறது. இங்கே பலத்துக்கு வேலையில்லை; முரட்டுக் கை தீங்கே செய்யும்.

பயன் உண்டா? இத்தாலியில் 50 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வில், ஆஸ்டியோபதி பெற்றோரும் வழக்கமான சிகிச்சை பெற்றோரும் முன்னேற்றம் கண்டனர். முன்னவர்க்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. தொகை சிறிதாகையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் 2023-ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட தாடை வலிக்கு மூட்டைக் கையால் அசைத்தல், தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்தல், மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. நார்த்தகட்டை அறுத்தெடுப்பதை வலுவாக மறுத்தது. அம்மறுப்பின் பின்னே கசப்பான அனுபவம் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் தகட்டை அகற்றி டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடு பொருத்தப்பட்டவர் பலர். அது மெல்லுகையில் சிதைந்து துகளாகி, அருகிலிருந்த எலும்பை அரித்தது. 1990-ல் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. அதற்குள் பலரது தாடை மீளாச் சேதம் அடைந்துவிட்டது.

எலும்பு முறிவு, மூட்டில் சீழ், காய்ச்சலுடன் கூடிய வீக்கம் ஆகியவை இருப்பின் கைச்சிகிச்சை கூடாது. நடக்கையிலோ படியேறுகையிலோ தோன்றி, ஓய்ந்தால் மறையும் தாடை வலி இருதய நோயின் குறியாக இருக்கக்கூடும். அத்தகையோர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.