பத்து வரி ரீட்மீ-யை நம்பி ஒரு டூலை எடுக்கலாமா?

இந்த வாரம் ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். "டீம் லீட் ஒரு டூலைக் காட்டி, 'இதை நம்ம ப்ராஜெக்ட்ல போடலாமா, நாளைக்குள்ள பார்த்துச் சொல்லு'ன்னுட்டார். ரீட்மீ-ல பத்து வரிதான் இருக்கு. தேடினா வேற எதுவும் கிடைக்கல. எதை வெச்சு முடிவு பண்றது?"

ரீட்மீ என்பது, டூலை எழுதினவர் தன் டூலைப் பத்தித் தானே சொல்றது. மாப்பிள்ளை வீட்டார் சொல்றதை மட்டும் கேட்டு யாராவது கல்யாணத்தை முடிவு பண்ணுவாங்களா? அக்கம்பக்கத்துல விசாரிப்போம் இல்லையா? இங்கேயும் அதேதான்.

முதல்ல லைசென்ஸ் ஃபைல் இருக்கான்னு பாருங்க. கோட் கிட்ஹப்ல எல்லார் கண்ணுக்கும் தெரியலாம். ஆனா லைசென்ஸ் இல்லைன்னா, பயன்படுத்த உங்களுக்கு அனுமதி கொடுக்கலைன்னுதான் அர்த்தம். பெரும்பாலும் தேடல் இங்கேயே முடிஞ்சிடும்.

அடுத்து டெஸ்ட் ஃபோல்டர். எந்த இன்புட் கொடுத்தா என்ன அவுட்புட் வரணும்னு அங்கே எழுதியிருக்கும். தப்பான இன்புட்டுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லைன்னா, அதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

மூணாவது, யார் பராமரிக்கிறாங்க? 2018-ல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜை, அதை எழுதினவர் உதவ முன்வந்த ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சார். வந்தவர் சேர்த்த புது டிபென்டன்சி, ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவெச்சுத் திருடுற கோட். அதனால கமிட் ஹிஸ்டரியில் கை மாறின இடத்தைக் கவனிச்சுப் படிங்க.

நாலாவதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ரெப்போவில் நீங்க படிக்கிற கோடும், இன்ஸ்டால் ஆகிற கோடும் ஒண்ணுதானா? 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் யூட்டில்ஸ் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பேக்டோர் இருப்பது தெரிய வந்தது. விஷம் ரெப்போவிலேயே, டெஸ்ட்டுக்கான பைனரி ஃபைல்களுக்குள் ஒளிஞ்சிருந்தது. அதை உசுப்பிவிடுற ஸ்கிரிப்ட் மட்டும் ரிலீஸ் டார்பாலில் இருந்தது, கிட்டில் இல்லை. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினியர்தான் பிடிச்சார். இத்தனைக்கும் எக்ஸ்இசட் ஊர் பேர் தெரியாத டூல் இல்லை. லினக்ஸ் உலகம் முழுக்க இருக்கிறது. டாக்குமென்டேஷன் நிறைய இருக்குங்கிறதும் உத்தரவாதம் இல்லைன்னு இதிலிருந்து புரியுது.

கடைசியா, ஓட்டிப் பாருங்க. உங்க லேப்டாப்பில் நேரடியா வேண்டாம். அதுல எஸ்எஸ்ஹெச் கீ, கிளவுட் பாஸ்வேர்டு எல்லாம் கிடக்கும். என்பிஎம் பேக்கேஜ்னா, இன்ஸ்டால் பண்ணும்போதே அதன் ஸ்கிரிப்ட் ஓடலாம். ஒரு காலி கன்டெய்னரில், நெட்வொர்க்கைத் துண்டிச்சு, போலி டேட்டாவோடு ஓட்டுங்க. நெட் இல்லாம வேலை செய்ய வேண்டிய டூல் நெட்டைத் தேடினா, ஏன்னு பதில் கிடைக்கிற வரைக்கும் உள்ளே விடாதீங்க.

இவ்வளவும் அரை நாள் வேலை. அப்புறம் டீம் லீட்கிட்ட "நல்லாயிருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியல, நாளைக்கு இதைக் கழட்டணும்னா எத்தனை இடத்துல கை வைக்கணும்னு மூணு வரி எழுதிக் கொடுங்க. ராத்திரி 2 மணிக்கு ஏதாவது உடைஞ்சா, போன் வரப்போறது அந்த டூலை எழுதினவருக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

அடுத்த எபிசோடில் பேசலாம்.