பல் போனபின் செய்யத்தக்கது யாது?

“பல் போனால் சொல் போகும்” என்பது நம்மவர் பழமொழி. தகரத்தை ஒருமுறை ஒலித்துப் பாருங்கள்; நாவின் நுனி மேற்பல்லைச் சென்று தொடும். அப்பல் இல்லாதார்க்குத் “தம்பி” என்றழைப்பதும் தடுமாற்றமே. ஆயினும், பல்லோடு போவது சொல் மட்டுமன்று. வீட்டிலே பாட்டனாரோ பாட்டியாரோ, எல்லாருடனும் உண்ண அமராது, “எனக்குப் பசியில்லை” என்று கூறிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அது பசியின்மையன்று; மெல்ல இயலாமை. மீனும் இறைச்சியும் கடலையும் பழமும் ஒவ்வொன்றாய் விலக, உடல் மெலிகின்றது. கூடியுண்ணும் இன்பமும் குன்றுகின்றது.

“ஒரு பல்தானே போயிற்று” என்று வாளாவிருப்பதும் நன்றன்று. இடைவெளியின் இருமருங்கிலுமுள்ள பற்கள் அதனை நோக்கிச் சாயும்; எதிர்த்தாடைப் பல் மெல்ல நீண்டு வரும். பல்லைத் தாங்கிய எலும்போ வேலையின்றித் தேயத் தொடங்கும்.

பொய்ப்பல் இன்று நேற்று வந்ததன்று. 1789ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதற் சனாதிபதியாய்ப் பதவியேற்ற ஜோர்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது வெறுங்கதை. தந்தமும் உலோகமும் மனிதப் பற்களுமே அவருக்குப் பயன்பட்டன. 1815இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரிலே மாண்ட வீரரின் பற்களையும் பிடுங்கிச் செல்வர்க்குப் பொய்ப்பல் செய்தனர். அக்கொடுமைக்கு இன்று தேவையில்லை.

இக்காலத்து வழிகள் நான்கு எனலாம்.

முதலாவது, முழுப் பற்தொகுதி. தாடையிற் பல்லொன்றும் இல்லாதார்க்கு அக்கிரிலிக்கினாற் செய்வது. மேற்றொகுதி உமிழ்நீரின் பசையினால் அண்ணத்தோடு ஒட்டிநிற்கும். கீழ்த்தொகுதிக்கு இடம் குறைவு. நாவும் அசைப்பதால் அது எளிதில் நழுவும்.

இரண்டாவது, பகுதித் தொகுதி. சில பற்களே போனவர்க்கு உரிய இதனைக் கழற்றிப் பூட்டலாம். அக்கிரிலிக்கில் அமைவது விலை குறைந்தது. கோபாற்று, குறோமியம் கலந்த உலோகச் சட்டத்தில் அமைவது மெல்லியது, உறுதியானது, விலை கூடியது.

மூன்றாவது, பற்பாலம். இருபுறப் பற்களைத் தூண்களாக்கி இடையிற் செயற்கைப் பல்லைப் பொருத்துவர். கழற்ற வேண்டியதில்லை. ஆனால், அதற்காக நல்ல பற்களைச் சீவ நேரிடுவது இதன் குறை.

நான்காவது, எலும்பிற் பதிக்கும் தைத்தானிய வேர். எலும்பு இவ்வுலோகத்தோடு இறுகப் பிணைவதை 1950களிற் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானமார்க். 1965இல் மனிதர்க்கும் அதனைப் பயன்படுத்தினார். எலும்பு பிணையப் பல வாரங்களோ மாதங்களோ செல்லும், செலவும் மிகுதி. கட்டுக்கடங்கா நீரிழிவும் புகைப்பழக்கமும் இதற்குப் பகை. நழுவும் கீழ்த்தொகுதியை இத்தகைய இரண்டு வேர்களிற் பூட்டி நிறுத்தவும் இயலும்.

இவற்றுள் எது சிறந்தது என வினவுவோர்க்குப் பொதுவான விடையில்லை. எஞ்சிய பற்கள், முரசு, எலும்பு ஆகியவற்றின் நிலையையும் பணப்பையின் கனத்தையும் நோக்கியே தீர்மானித்தல் வேண்டும். தகுதிபெற்ற பல் வைத்தியரிடமே செல்க. மலிவாகக் கட்டித் தருவோம் என்பாரை நம்பி, நோயுற்ற வேரின்மேற் பல்லைக் கட்டிக்கொண்டு பின்னர் வருந்துதல் வேண்டா.

புதுப்பல் அணிந்த அன்றே முறுக்கைக் கடிக்க முயலாதீர். முதற்சில நாள் இடியப்பம், குழைத்த சோறு முதலியவற்றைச் சிறு கவளங்களாக இருபுறமும் மெல்லுக. நாளிதழை உரக்கப் படித்தால் சொல் திருந்தும். சில கிழமைகளில் நாவும் கன்னமும் பழகிவிடும்.

இரவிலே பல்லைக் கழற்றித் துலக்கி நீரில் இட்டு வைத்தல் முறை. வெந்நீர் ஆகாது, வடிவம் கெடும். நீர் நிறைந்த பாத்திரத்தின் மேலே பிடித்துக் கழுவினால், கைதவறினும் உடையாது. உறுத்தும் இடத்தைத் தாமே அராவுதல் தகாது; வைத்தியரே சீர்செய்தல் வேண்டும். ஆண்டுகள் செல்ல எலும்பு தேய்ந்து தொகுதி தளருமாதலின், இடையிடையே காட்டுதல் நன்று. வாயிற் புண்ணோ வெண்படலமோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாதிருப்பின், சிறப்பாக வெற்றிலையும் புகையிலையும் மெல்வோர், ஒருநாளும் தாமதியாது வைத்தியரை நாடுக. அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

“இந்த வயதில் எனக்கெதற்குப் பல்?” என்று முதியோர் மறுப்பர். அவர் அஞ்சுவது பெரும்பாலும் பிள்ளைகளின் செலவையே. அதனை உணர்ந்து, நாமே கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் கடன். நம்மை உண்பிக்கத் தம் வாயைக் கட்டியவர் அவர். மீண்டும் நம் அருகிலமர்ந்து மென்று உண்டு, பேரப்பிள்ளையின் பெயரைத் திருத்தமாய் அழைக்கும் நாள் அவர்க்கும் வரட்டும்.