சென்னைக்குக் குடும்பத்தோடு வர்றீங்களா? எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்... வாடகையை விட முக்கியமா கவனிக்க வேண்டியது இதுதான்!

சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. ஜாயினிங் தேதியும் வந்துவிட்டது. ஊரில் பையனுக்கு ஆண்டுத்தேர்வு முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். அப்போதுதான் வீட்டில் அந்தக் கேள்வி வரும். "எந்த ஏரியாவுல வீடு பார்க்கறது?"

சொந்தக்காரர் ஒருவர் தாம்பரம் என்பார். ஆபீஸ் நண்பர் ஓ.எம்.ஆர் என்பார். புரோக்கர் போனை எடுத்ததுமே, "சார், பக்கத்துலயே மெட்ரோ வருது" என்பார். மூன்று பேரும் பெரும்பாலும் வாடகையையும் தூரத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். சென்னையில் ஒரு குடும்பத்தின் நிம்மதியை முடிவு செய்கிற பெரிய விஷயமான தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மே மாதம் வராத தண்ணீர், டிசம்பரில் அழையாமல் வீட்டுக்குள் வரும் தண்ணீர் ரெண்டையும்தான் சொல்கிறோம்.

வீடு தேடும் மாதத்திலேயே ஒரு சிக்கல்

குழந்தைகளின் படிப்பை வைத்துத்தான் பெரும்பாலான குடும்பங்கள் இடம் மாறுகின்றன. அதனால் வீடு தேடும் வேலை ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். அந்த நேரத்தில் சென்னையின் எந்தத் தெருவைப் பார்த்தாலும் காய்ந்து, சுத்தமாக, நல்ல தெருவாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை தீவிரமாகும் நவம்பர், டிசம்பரில் அதே தெரு எப்படி இருக்கும் என்பதற்கு எந்த அடையாளமும் கண்ணுக்குப் படாது.

2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றை ஒட்டிய பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மக்கள் படகில் வெளியே வர வேண்டியிருந்தது. பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அனுபவம் மறக்காததால்தான், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதற்காக வேளச்சேரி பக்கமே போகக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அங்கேயே ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ரெண்டு தெரு தள்ளி வாசல்கூட நனைந்திருக்காது. அதனால் 'எந்த ஏரியா' என்பதோடு நிறுத்தாமல் 'எந்தத் தெரு' என்பது வரைக்கும் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? வீட்டு ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடைக்காரர், அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆகியோரிடம் கேளுங்கள். "இங்க தண்ணி நிக்குமாண்ணே?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "மிக்ஜாம் அப்போ இங்க எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

கண்ணாலும் சில விஷயங்களைப் பார்க்கலாம். காம்பவுண்ட் சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரே மட்டத்தில் கறை படிந்திருக்கிறதா? ஈ.பி மீட்டர் பெட்டியைப் பிற்பாடு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? ரோட்டிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறதா? பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, சென்னையில் பல பழைய வீடுகள் தெருவை விடத் தாழ்ந்துபோயிருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டின் தரைத்தளம் எவ்வளவு குறைந்த வாடகைக்கு வந்தாலும், வயதானவர்கள் இருக்கும் குடும்பம் யோசிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரும் சில நேரம் துப்பு கொடுக்கும். 'தாங்கல்' என்றால் நீர்நிலை என்று பொருள். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஆனால் லேக் இல்லை. தி.நகரே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவான நகர்தான். 2021 நவம்பர் மழையில் அங்கே தண்ணீர் தேங்கி நின்றதற்கு இந்தப் பழைய கதையும் ஒரு காரணம். 'பழைய ஏரியா, விலை அதிகம், அதனால் சேஃப்' என்ற கணக்கு இந்த ஊரில் எடுபடாது.

மே மாத மெயின்டனன்ஸ் பில்லைக் கேளுங்க

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓ.எம்.ஆரில் சில ஐ.டி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். அதன் பிறகு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் 2-வது ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் குழாய் போய்ச் சேரவில்லை.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கி.மீ-லிருந்து 426 சதுர கி.மீ-ஆக விரிந்தது. அதுவரை பஞ்சாயத்தாகவும் நகராட்சியாகவும் இருந்த பல ஊர்கள் ஒரே நாளில் 'சென்னை' ஆயின. பெயர் சட்டென்று மாறியது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கின்றன. தாம்பரம், ஆவடி இரண்டும் தனி மாநகராட்சிகள். அங்கே வீடு எடுத்தால், தண்ணீர் வரவில்லை என்றால் புகார் செய்ய வேண்டிய அலுவலகமே வேறு. பேச்சுக்கு எல்லாமே சென்னைதான்.

ஆகவே வீடு பார்க்கும்போது "தண்ணி வசதி இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இருக்கு சார், 24 மணி நேரமும்" என்றுதான் பதில் வரும். அது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று பிரித்துக் கேளுங்கள். லாரி என்றால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஏறும். ஜனவரி மாத பில்லைக் காட்டுவார்கள். நீங்கள் போன மே மாத பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமும் உங்கள் வாடகையில் சேர்த்தி.

போர் தண்ணீர் என்றால் பாத்ரூமுக்குள் போய்ப் பாருங்கள். குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தாலோ, பக்கெட்டில் செம்பழுப்புக் கறை இருந்தாலோ அந்தத் தண்ணீரைச் சமையலுக்குப் பயன்படுத்த முடியாது. குடிக்க மட்டும் இல்லாமல் சோறு வடிக்கவும் கேன் வாங்க வேண்டியிருக்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் 20 லிட்டர் கேனை யார் தூக்குவது என்பதையும் அங்கேயே நின்று யோசித்துவிடுங்கள்.

யாருடைய ஆபீஸ் பக்கத்தில் வீடு?

உதாரணத்துக்குத் திருநெல்வேலியில் இருந்து வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி வேலை. மனைவி ஸ்டாஃப் நர்ஸ், வடபழனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் போகும் பையன். கூடவே கணவரின் அம்மா.

பெரும்பாலான குடும்பங்கள் யோசிக்காமல் சோழிங்கநல்லூரில் வீடு பார்த்துவிடும். கணவர் பத்து நிமிடத்தில் ஆபீஸ் போய்விடுவார். மனைவி காலை ஷிஃப்ட்டுக்கு விடிவதற்குள் கிளம்பி, பஸ் மாறி 20 கி.மீ-க்கு மேல் போக வேண்டும். ஆறே மாதத்தில், "நீ வேலையை விட்டுடேன்" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். நல்ல சம்பளமும் அனுபவமும் உள்ள ஒரு பெண்ணின் வேலை, வீடு பார்த்த இடத்தால் போய்விடுகிறது. இது கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிற பேச்சு.

இங்கே கணக்கை மாற்றிப் போடலாம். ஐ.டி வேலையில் வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்து வேலை பார்க்க வாய்ப்பு இருக்கலாம். நர்ஸ் வேலையில் அதற்கு வாய்ப்பே இல்லை. அப்படியானால் தினமும் கட்டாயம் போக வேண்டியவருக்குத்தான் நேரடி ரயிலோ பஸ்ஸோ அமைய வேண்டும். ஆலந்தூர், ஆதம்பாக்கம் பக்கம் வீடு எடுத்தால் ஆலந்தூர் மெட்ரோவில் இருந்து வடபழனி மூன்றாவது ஸ்டேஷன். கணவர் வேளச்சேரி, தரமணி வழியாக பைக்கில் ஓ.எம்.ஆரைப் பிடிக்கலாம். அவருக்கு தூரம் கூடுதல்தான். ஆனால் ரெண்டு பேரும் வேலையில் இருப்பார்கள். ஆதம்பாக்கத்திலும் தாழ்வான தெருக்கள் உண்டு என்பதால் மேலே சொன்ன தண்ணீர் விசாரணை அங்கேயும் அவசியம்.

இன்னொரு விஷயம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து அடிக்கடி வரும் ரூட்டில் வீடு அமைந்தால் மாதச் செலவில் அதுவே ஒரு தொகை மிச்சம்.

வழியைச் சோதிக்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு சென்னை வேறு, திங்கள் சென்னை வேறு. வேலை நாளில், ஆபீஸ் விடும் நேரத்தில், பார்த்து வைத்த வீடு வரை ஒருமுறை பஸ்ஸிலோ பைக்கிலோ போய்ப் பாருங்கள்.

"மெட்ரோ வந்துடும் சார்"

இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடங்களில் சுமார் 119 கி.மீ-க்குத் திட்டமிடப்பட்டது. வருவது உறுதி. ஆனால் ஸ்டேஷன் திறக்கும் வரை அந்த ரோட்டில் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும்தான் இருக்கும். நீங்கள் இந்த ஜூனில் குடிவரப் போகிறீர்கள். இனி வரப்போகும் ரயிலுக்கு இப்போதே ஏன் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டும்?

ஊருக்கு அடிக்கடி போகிறவர்கள் கிளாம்பாக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் அந்தப் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்ட அரசுப் பேருந்துகளுக்குக் கோயம்பேடு போன கதை முடிந்தது. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி. தென்மாவட்ட ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நின்று போகும் என்பதால், ஊரிலிருந்து அம்மா தனியாக வந்தாலும் கூட்டிவருவது சுலபம். திருவொற்றியூரில் இருப்பவருக்கோ கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணம்.

வட சென்னை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் பாதி சினிமா கொடுத்த பயம். வேலை சென்ட்ரல், பாரிமுனை, அம்பத்தூர் பக்கம் என்றால் பெரம்பூர், கொளத்தூரைத் தாராளமாகப் பார்க்கலாம். விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடுகிறது. மணலி, எண்ணூர் பக்கம் மட்டும் தொழிற்சாலைப் புகையை யோசிக்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைக்கு வீசிங் இருந்தால்.

ஸ்கூல்... முதலில் இடமா, வீடா?

இடம் கிடைத்த பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான் சரி. தலைகீழாகச் செய்தால் பையன் காலை ஆறரை மணி வேனுக்கு நிற்க வேண்டி வரும். டி.சி வாங்கும்போதே பழைய பள்ளியில் குழந்தையின் எமிஸ் பதிவையும் விடுவித்துத் தரச் சொல்லுங்கள். அதைச் செய்யாததால் புதுப் பள்ளியில் அலைபவர்கள் நிறைய.

எல்.கே.ஜி சேரும் குழந்தை இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டையும் பாருங்கள். தமிழகத்தில் இதற்குப் பள்ளியிலிருந்து 1 கி.மீ சுற்றளவுக்குள் வீடு இருப்பது முக்கியம். முகவரிச் சான்றும் கேட்பார்கள். தெருவைத் தேர்வு செய்யும்போதே இதைப் பார்த்துவிட்டால், பிறகு தனியார் பள்ளிக் கட்டணச் சுமை குறைய வழி இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கூடுதலாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பேரம் பேசும்போது சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சமாவது இறங்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

கறி சமைக்கலாமா, ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பத்து நாள் தங்கலாமா என்பதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. நேரில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, சாதி பற்றிய சுற்றுவழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அவமானப்படுவதை விட இது மேல்.

சொந்த வீடு வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதல் வருடம் வாடகைதான் நல்லது. ஜூனில் குடியேறினால், வழக்கமான 11 மாத ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு முழு மழைக்காலத்தைப் பார்த்துவிடுவீர்கள், கோடையும் தொடங்கியிருக்கும். 20 வருட இ.எம்.ஐ போடும் முன் அந்த ஏரியாவை ஒரு டிசம்பரில் பார்த்திருப்பது நல்லதுதானே?

கடைசியாக, மின்சாரம். வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் பல போர்ஷன்களுக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ரவுண்டாக ஒரு தொகை வாங்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டரா என்று கேளுங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங்கையும், சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல், ஆணி ஓட்டை, பெயின்ட் உதிர்வு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று அட்வான்ஸில் பிடிக்க வரும்போது காட்ட உங்களிடம் இருப்பது அந்தப் படங்கள்தான்.