பூனை பழி வாங்குகிறதா?

குழந்தைகளே! வீடு கட்டுகிற இடத்தில் லாரி வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போனதும் முதலில் ஓடி வருவது யார்? நீங்கள்தான். கோபுரம் கட்டலாம், சிப்பி பொறுக்கலாம்! நீங்கள் தூங்கப் போனபின் வருவது தெருப் பூனை. முன்னங்காலால் பள்ளம் தோண்டும். உட்காரும். வேலை முடிந்ததும் திரும்பி மோந்து பார்க்கும். மணலைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். காலையில் சித்தாள் மணலை அள்ளும்போதுதான் சங்கதி தெரியும்!

இவ்வளவு சுத்தம் பார்க்கிற பிராணி, வீட்டுக்குள் வளரும்போது திடீரென்று உங்கள் தலையணையிலோ, அரிசி மூட்டையிலோ, மடித்து வைத்த துணியிலோ சிறுநீர் கழித்தால்? வீடே நாறும். "நேத்து அதைத் திட்டினேன்ல, பழி வாங்குது" என்பார் பாட்டி. "கோணியில போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்" என்பார் அப்பா. நீங்கள் அழுவீர்கள். அழுதால் மட்டும் போதாது. பூனைக்காக வாதாட வேண்டும். அதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் பாட்டிக்குப் பதில். பூனைக்குப் பழி வாங்கத் தெரியாது. நமக்கு நாற்றமாக இருப்பது அதற்கு நாற்றமே இல்லை. தன்னுடைய வாசனை, அவ்வளவுதான். தனக்குப் பிடித்த வாசனையை வைத்து உங்களைத் தண்டிக்கலாம் என்று அதற்கு எப்படித் தோன்றும்?

அந்த வாசனை ஏன் அவ்வளவு காரமாக இருக்கிறது? வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா போன்ற வறண்ட நாடுகளில் வாழ்ந்தது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழ்வதால் அதன் சிறுநீரகம் ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடிக்கும். எனவே சிறுநீர் குறைவு, ஆனால் கெட்டி. இதோடு பெலினைன் என்ற பொருளும் அதில் கலந்திருக்கிறது. அது உண்டாவதற்கு ஒரு புரதம் துணை செய்கிறது என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். நேரம் ஆக ஆக பெலினைன் சிதைந்து, கந்தகம் கலந்த நாற்றப் பொருளாக மாறுகிறது. காலையில் லேசாக வீசியது மாலையில் மூக்கைத் துளைப்பது இதனால்தான். கருத்தடை செய்யாத கடுவன் பூனையிடம் இது மிக அதிகம்.

இப்போது துப்பறியும் வேலை. ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூனை எங்கே போனது, எத்தனை மணிக்கு, நிறையவா, கொஞ்சமா, உட்கார்ந்தா, நின்றுகொண்டா என்று ஒரு வாரம் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள். முப்பத்தைந்து வருடம் நோட்டு திருத்திய எனக்குத் தேதி இல்லாத பக்கத்தைக் கண்டால் கோபம் வரும்! இடம் தெரியவில்லை, நாற்றம் மட்டும் வருகிறது என்றால் கடைகளில் கள்ளநோட்டு பார்க்க ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதை இருட்டில் அடித்துப் பார்க்கலாம். சிறுநீர் பட்ட இடம் வெளிறி மின்னும். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தையே நக்குகிறது, சிறுநீர் மட்டும் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது. இப்படி இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். உப்புத் துகள்கள் சேர்ந்து அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்தில் ஏறி இதயத்தைத் தாக்கும். இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துபோகலாம். "மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடைப்பு இல்லாவிட்டாலும் சிறுநீர்ப்பை வீக்கம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இவற்றாலும் பூனை இடம் தவறும். மணல் தொட்டியில் உட்கார்ந்தபோது வலித்தால், தொட்டிதான் வலிக்கிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. வேறு இடம் தேடுகிறது. மெத்தைக்கு வருகிறது. கிழட்டுப் பூனைக்கு மூட்டு வலி இருந்தால் உயரமான தொட்டியில் ஏறவே முடியாது. ஆகவே முதல் கேள்வியை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைகள் மாடு, ஆடுகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பூனையையும் பார்ப்பார்கள். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். நோயாளியால் பேச முடியாதே! நீங்கள்தான் அதன் வாய்.

நோய் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? நோட்டைப் பிரியுங்கள். பூனை நின்றபடி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியை நடுக்கி, சுவர்மீதோ கதவுமீதோ கொஞ்சமாகப் பீய்ச்சியதா? அது ஒண்ணுக்குப் போவது அல்ல. "இது என் எல்லை" என்று போர்டு மாட்டுவது. ஜன்னலுக்கு வெளியே புதுப் பூனை நடமாடினால் இப்படிச் செய்யும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்த கடுவன்களில் பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஐந்தாறு மாதக் குட்டியாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ, நிறையப் போகிறதா? அப்படியானால் சந்தேகம் தொட்டிமேல் விழ வேண்டும்.

நீங்களே யோசியுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறை தண்ணீர் ஊற்றாமல் கிடந்தால் என்ன செய்வீர்கள்? அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவீர்கள். பூனையும் அதே கட்சிதான். தினமும் கட்டிகளை அள்ளி எறியாத தொட்டியில் அது கால் வைக்காது. (அள்ளுவதற்குப் பழைய ஜல்லிக் கரண்டி நல்ல கருவி. அம்மா வடை எடுக்கிற கரண்டியைத் தொட்டுவிடாதீர்கள்!) தொட்டி சிறியதாக இருந்தாலும் பிடிக்காது. மூக்கிலிருந்து வாலடி வரை பூனை எவ்வளவு நீளமோ அதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் விற்கும் லிட்டர் பாக்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. அகலமான பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், தடதட சத்தத்துக்குப் பயந்து வராது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. சாப்பிடுகிற இடத்தில் யாராவது போவார்களா? இரண்டு பூனை இருந்தால் மூன்று தொட்டி, வேறு வேறு இடத்தில். ஒரு பூனை வழியில் உட்கார்ந்து மற்றதை மிரட்டுவது உண்டு.

தொட்டியில் என்ன போடுவது? ஆற்று மணல் விற்கிற விலையில் பூனைக்கா என்று அப்பா கேட்பார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மணல், சாம்பல்தான். 1947-ல் மிச்சிகனில் எட் லோ என்ற இளைஞர் அக்கம்பக்கத்தில் ஒரு பெண்மணிக்கு, ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகளைக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய பூனைக்குப் பிடித்துப்போனது. அதுவே பெரிய வியாபாரமாக வளர்ந்தது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் களிமண் துகள் கிடைக்கிறது. பெரும்பாலான பூனைகளுக்கு வாசனை சேர்க்காத, மெல்லிய துகள்தான் பிடிக்கும். ரோஜா மணம் நமக்குத்தான்!

வெளியே தோட்டத்துக்குப் போய் வருகிற பூனை ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வீட்டுக்குள் போகிறதா? மண் சேறாகிவிட்டது, வேறென்ன! மழை முடியும் வரை திண்ணையில் ஒரு தொட்டி வையுங்கள். தீபாவளி வெடி, வீடு மாறுவது, வெள்ளையடிப்பது, புதுக் குழந்தை, இவையும் பூனையைக் கலக்கிவிடும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தால் சில நாளில் தேறும். மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது இதெல்லாம் வேண்டாம். அது கற்றுக்கொள்வது, உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போவதைத்தான்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். நம் வீடுகளில் உடனே பினாயிலைத்தான் எடுப்பார்கள். பினாயில் வகைகளில் இருக்கும் பீனால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் போதும், உடம்புக்குள் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டும். நாற்றப் பொருளை நொதி சிதைத்துவிடும். வாசனை மிச்சமிருந்தால், "இதுதான் கழிப்பறை" என்று பூனை மறுபடி அங்கேயே வரும். மெத்தையை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போடுங்கள்.

அப்பாவுக்கு இன்னும் ஒரு செய்தி. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுப் பாலும் மீனும் தின்று வளர்ந்த பூனைக்கு மார்க்கெட்டில் நாயிடமிருந்தும் வண்டியிடமிருந்தும் தப்பத் தெரியாது. கோபமாகச் சொல்லாதீர்கள். "தொட்டியை நான் தினமும் சுத்தம் செய்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு, பிறகு சட்டத்தைச் சொல்லுங்கள்!

சுத்தம் செய்தபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் அம்மாவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால் அவர்கள் தொட்டியைத் தொடவே கூடாது. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இருக்கலாம். வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது ஆபத்து. அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளுவது இதற்கும் நல்லது.

தொட்டியை இடம் மாற்ற வேண்டியிருந்தால் ஒரே நாளில் தூக்கி வைத்துவிடாதீர்கள். தினம் ஒரு சாண் நகர்த்துங்கள். வராந்தாவிலிருந்து மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகலாம். ஆகட்டும், பூனைக்கு ஒன்றும் அவசரமில்லை.