யூரியா கம்பெனி பங்கு வாங்கலாமா? விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

"ஒவ்வொரு பட்டத்துக்கும் யூரியா வாங்குகிறோம். அதைத் தயாரிக்கும் கம்பெனியின் பங்கை வாங்கினால் லாபம் வருமா?" என்று ஜோலார்பேட்டை வட்டார விவசாயிகள் கேட்கலாம். நிலக்கடலை விற்ற பணமோ, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையின் போனஸோ கையில் இருக்கும்போது இப்படித் தோன்றுவது இயல்புதான். முடிவெடுக்கும் முன் இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாபம் எங்கிருந்து வருகிறது?

தூத்துக்குடி ஸ்பிக், மணலி மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆகிய இரண்டும் பங்குச் சந்தையில் உள்ள தமிழ்நாட்டு யூரியா நிறுவனங்கள். 45 கிலோ மூட்டையை நீங்கள் ரூ.266.50-க்கு வாங்குகிறீர்கள். தயாரிப்புச் செலவு இதைவிடப் பல மடங்கு அதிகம். மீதியை மத்திய அரசு மானியமாகக் கம்பெனிக்குத் தருகிறது. கடையில் நீங்கள் விரல் வைக்கும் பி.ஓ.எஸ். கருவியில் விற்பனை பதிவான பிறகே அந்த மானியம் கணக்கிடப்படும். யூரியாவுக்கு எவ்வளவு கிராக்கி இருந்தாலும் கம்பெனி தானாக விலையை உயர்த்த முடியாது.

எங்கே நட்டம் வரும்?

மானியம் தாமதமானால் கம்பெனி கடன் வாங்கி ஓட்ட வேண்டும். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் எரிபொருள் செலவானால் அந்தச் சுமையும் கம்பெனிக்கே. விவசாயிகள் யூரியா போடுவதை நிறுத்தாதபோதும், நிதி நெருக்கடியால் 2007-ல் நின்ற ஸ்பிக் யூரியா உற்பத்தி 2010-ல்தான் மீண்டும் தொடங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அந்த ஆலை நின்றது. மணலி ஆலை அதிகச் செலவு பிடிக்கும் நாப்தாவிலிருந்து 2019-ல்தான் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மழை பொய்த்தால் உங்கள் விளைச்சல் குறையும். அதே ஆண்டில் உர விற்பனையும் குறையலாம். வருமானமும் சேமிப்பும் ஒரே மழையை நம்பி இருந்தால், அவசரத்துக்குப் பங்கை விற்கும்போது விலையும் இறங்கியிருக்கக் கூடும்.

வாங்குவதற்கு முன்

1. நகைக் கடன், கந்து வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.
2. அடுத்த பட்டத்துக்கான விதை, உரம், உழவுக் கூலியைத் தனியே ஒதுக்குங்கள்.
3. கம்பெனியின் ஆண்டறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: கடன் எவ்வளவு, அரசிடமிருந்து வர வேண்டிய மானியம் எவ்வளவு, ஆலை எத்தனை நாள் ஓடியது. புரியாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் படித்துக் கேளுங்கள்.
4. ஐந்தாறு ஆண்டுகள் தொட வேண்டியிராத பணத்தில் சிறு பகுதியை மட்டும் போடுங்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள்.
5. "இந்தப் பங்கு இரட்டிப்பாகும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பாதீர்கள். ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.