நினைவில் நிற்கும் நகரம்

நுழையும்முன்
ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டும் இருப்பதன்று. அவ்வூரில் சிறுவராய் வளர்ந்தோர் நினைவிலும் அது வாழ்கிறது. அந்நினைவைக் கேட்கும் முறையையும் சரிபார்க்கும் முறையையும் சேலம் மாநகரின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

சேர்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் குப்பனூர். அவ்வூர் வழியாக ஏற்காட்டிற்கு ஏறிச் சென்று, லேடீஸ் சீட் எனப்படும் காட்சிமுனையில் நின்றால், கீழே சேலம் மாநகர் பரந்து கிடப்பதைக் காணலாம். இரவில் விளக்குகளால் ஒளிரும் அந்நகரைக் கண்டு இளையோர் வியப்பர். அங்கு வளர்ந்த முதியவரின் கண்களோ அவ்விளக்குகளுக்கிடையே தாம் நீந்திய ஏரியையும், தாம் விளையாடிய ஆற்றங்கரையையும் தேடும்.

நினைவுக்குச் சான்று

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் நகரில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2011இல் அத்தொகை ஏறத்தாழ 8.3 இலட்சமாயிற்று. 1866இல் நகராட்சியான சேலம், 1994இல் மாநகராட்சியாக உயர்ந்தது. நகரம் எவ்வளவு வளர்ந்தது என்பதை இவ்வெண்கள் கூறும். எவ்வாறு மாறியது என்பதை, வாழ்ந்தவர் நினைவே கூறும்.

எனினும், சிறுவயது நினைவை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. சிறுவர் கண்ணுக்குத் தெரு அகலமாகவும் குளம் கடலாகவும் தோன்றும். ஆகவே, நினைவுக்குப் புறச்சான்று தேட வேண்டும்.

ஊர்ப்பெயர் அத்தகைய ஒரு சான்று. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையைச் செவ்வாய்ப்பேட்டை என்னும் பெயர் இன்றும் காத்து நிற்கிறது. எஞ்சி நிற்கும் கட்டடம் மற்றொரு சான்று. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டுமே நிற்கிறது. நடிகர்களைக் காண வாயிலில் காத்திருந்ததாக ஒரு முதியவர் சொன்னால், அவர் சொல்லுக்கு அவ்வளைவு துணைநிற்கும்.

ஆறும் ஏரியும்

சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலத்தின் ஊடே பாய்ந்து காவிரியில் கலப்பது திருமணிமுத்தாறு. அதன் கரையில் சுகவனேசுவரர் கோயில் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் மக்கள் நீராடிய அவ்வாற்றில், பெருகிய நகரின் கழிவுநீர் கலந்தது. இன்று பிறக்கும் குழந்தை அதனைச் சாக்கடையாகவே அறிகிறது. தெளிந்த நீரைக் கண்ட தலைமுறையும் மறைந்துவிட்டால், அது என்றும் அவ்வாறே இருந்தது என்னும் எண்ணம் நிலைபெற்றுவிடும். இழந்தது இன்னதென அறியாத சமூகம் அதனை மீட்கவும் முனையாது.

மீட்பு இயலும் என்பதற்கு மூக்கனேரி சான்று. கன்னங்குறிச்சியில் உள்ள அவ்வேரி, மலையடிவாரத்து நீரைப் பெறுவது. பராமரிப்பின்றிப் பாழ்பட்டுக் கிடந்தது. 2010ஆம் ஆண்டில் நகர மக்கள் தன்னார்வத்தோடு ஒன்றுகூடி அதனைச் சீரமைத்தனர். தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரக்கன்றுகள் நட்டனர். நீர் நிறைந்தது, பறவைகளும் வந்தன.

நினைவின் மறுபக்கம்

பழைமை யாவும் இனிமையன்று. 1986இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும், 1997இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகமும் நகரின் வளர்ச்சியில் விளைந்தவையே. உயர்சிகிச்சைக்கும் உயர்கல்விக்கும் தொலைவூர் செல்ல வேண்டிய நிலை, சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் பலருக்கு இவற்றால் குறைந்தது. ஆனால், நினைவு இனியதைப் போற்றி இடரை மறப்பது இயல்பு. எனவே முதியவரிடம், “அன்று என்ன இருந்தது?” என்று வினவுவதோடு, “அன்று என்ன இல்லை?” என்றும் வினவுதல் வேண்டும். இரண்டு விடைகளும் சேரும்போதே நினைவு வரலாறாகும்.

அவ்விடைகளைக் கூறவல்லோர் இன்று நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் இளையோர் கடமையாகும். நாளை ஓர் ஏரியின் எல்லையையோ ஆற்றின் போக்கையோ தேடுவோர்க்கு, அக்குறிப்பு வழிகாட்டக்கூடும்.