நெருங்கி வளர விடாத காடு

1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் பெரிய ரப்பர்த் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். ரப்பர் மரத்துக்கு அமேசான்தான் தாய்மண். மழை, வெயில், மண் எல்லாம் அதற்குப் பழகியவை. காட்டில் அது இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் நிற்கும்; ஃபோர்டின் ஆட்கள் வரிசையாக நெருக்கி நட்டார்கள். மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை தொட்டதும், அந்தக் காட்டிலேயே இருந்த இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவியது. துளிர்கள் கறுத்து உதிர்ந்தன. 1945இல் நிலம் பெருநட்டத்துக்குப் பிரேசில் அரசிடமே திரும்பியது. அதே மரம் மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டம் தோட்டமாகச் செழித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வெட்டிய பால்மரம் அதுதான். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக ஆசியாவுக்கு விதை நாற்றாகி வந்தது, பூஞ்சை வரவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

மழைக்காட்டில் ஏன் இத்தனை இனங்கள் என்ற கேள்விக்கு, வெப்பமும் மழையும் என்று பாடப்புத்தகம் சொல்லும் பதில் பாதிதான் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். செழிப்பு மட்டும் இருந்தால், வலுத்த ஓர் இனம் மற்றவற்றை நெரித்துத் தள்ளிவிடலாமே! மலேசிய மாநிலமான சரவாக்கின் லம்பிர் மலையில் 52 ஹெக்டேருக்குள் 1,100க்கும் மேற்பட்ட மர இனங்கள் எப்படி இடம்பிடித்தன? சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கானெல் 1971இலும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் அதற்கே உரிய பூச்சியும் நோயும் திரண்டிருக்கும், அதன் அடியில் விழும் சொந்த விதைகள் பிழைப்பது அரிது, அந்த இடம் வேற்றினத்துக்குப் போகும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களில் ஒரு மரத்தின் நாற்றுகளைக் கவனித்தபோது, தாய்மரத்தின் அருகே முளைத்தவையே நாற்றழுகலில் அதிகம் செத்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நைந்து, நூலாக மெலிந்து, இலை வாடுமுன்பே நாற்று சாய்ந்துவிடும். நம் நாற்றங்கால்காரர்களுக்குப் பழகிய காட்சிதான்.

பெலீஸ் நாட்டுக் காட்டில் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. சில இடங்களில் பூஞ்சைக்கொல்லியும் சிலவற்றில் பூச்சிக்கொல்லியும் தெளித்தார்கள். பூஞ்சையை ஒடுக்கிய இடத்தில் நாற்றுகளின் இன வகை குறைந்தது. பூச்சியை ஒடுக்கிய இடத்தில் எந்த இனம் எவ்வளவு என்ற கணக்கே மாறியது. 2014இல் வெளியான முடிவு இது. மர இனங்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை, எது நிலைப்பது என்பதைத் தற்செயலே தீர்மானிக்கிறது என்ற ஸ்டீபன் ஹப்பலின் கோட்பாடு கணக்கில் அழகானதுதான். ஆனால் பூஞ்சைக்கொல்லி தெளித்த இடத்தில் வகை குறைந்ததற்கு அது பதில் சொல்லவில்லை.

கனமான ஆட்சேபம் காங்கோவிலிருந்து வருகிறது. இத்தூரி காட்டில் ஜில்பர்ட்டியோடென்ட்ரான் என்ற ஒரே இனம் பரந்த பகுதிகளை ஆள்கிறது. அங்கே பூச்சி, நோய் என்ற பகைவர்களே இல்லையா? அதன் வேரோடு கூட்டுச்சேரும் பூஞ்சை நாற்றுகளைக் காக்கிறது என்பது ஒரு விளக்கம். அது முழுதும் சரியோ இல்லையோ, இந்த உதாரணம் வெப்ப-மழைக் கட்சியையும் சேர்த்தே வெட்டுகிறது. அங்கேயும் மழைக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. பகைவர்கள் எல்லா இனத்தையும் ஒரே அளவில் அடக்குகிறார்கள் என்று யாரும் சொல்லவுமில்லை.

தாயடியில் பிழைக்க வழியில்லை என்றால் விதை விலகிப் போயாக வேண்டும். அங்கேதான் விலங்குகள் வருகின்றன. லம்பிரில் வேட்டையால் இருவாச்சி, குரங்கு போன்ற பெரிய விதைசுமப்பிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. பதினைந்தாண்டுக் கணக்கெடுப்பில் இளமரங்கள் குறையவில்லை, கூடவே செய்தன. ஆனால் விலங்குகளை நம்பியிருந்த இனங்களின் கன்றுகள் முன்னைவிட நெருங்கிக் குவிந்தன. இன வகையும் சரியத் தொடங்கியிருந்தது.